புதுப்பிப்பு: ஃபுளோரிடா டிஸ்னி 'போமா' பஃபே, புதுச்சுவை தேடுபவர்களுக்குச் சரிவருமா?

வீட்டில் பாதிப் பேர் எதையும் ருசிப்பவர்கள், மீதிப் பேர் தயங்குபவர்கள். டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் உள்ள, ஆப்பிரிக்க உணவு தரும் போமா உணவகத்தின் இரவு உணவு ஒத்துவருமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரிவந்தது.

"முதலில் தட்டில்லாமல் ஒரு சுற்று பாருங்கள், பிறகு சூப்பில் தொடங்குங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சூப்பை அரைக் கரண்டி ஊற்றி ருசிக்கலாம், பிடிக்காவிட்டாலும் வீணில்லை. ரொட்டியை முதலில் தொட்டால் வயிறு அங்கேயே நிரம்பிவிடும்.

கட்டாயம் சாப்பிட வேண்டியது போபோட்டி: தென்னாப்பிரிக்கக் கொத்துக்கறி, மேலே முட்டையும் பாலும் ஊற்றி ஓவனில் சுட்டது. மசாலா வாசம் உண்டு, காரம் குறைவு, லேசான இனிப்பு. நம் நாக்குக்கு மிளகாய் சாஸ் தனியாகத் தேவைப்படும்.

எதிர்பாராதது ஃபுஃபு. மேற்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளியோ யாம் கிழங்கோ இடித்த பசைக் களி. இங்கே கிழங்கு மசியல்தான். அசலைத் தேடிப் போனால் ஏமாற்றம். தயங்குபவர்களுக்கு வறுத்த கோழி, மாட்டிறைச்சி, மாக்கரோனி சீஸ் உண்டு.

கவனிக்க: 'ஜீப்ரா டோம்' இனிப்பில் அமருலா மது சேரும். வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால், தட்டெடுக்குமுன் சமையல்காரரிடம் சொல்லுங்கள். பூங்கா நுழைவுச்சீட்டு வேண்டாம். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும்.