ஆஷ் மர இலையின் நடுநரம்பில் புடைப்புகள்: மருந்து தெளிக்க வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். ஐரோப்பாவில் நான் பராமரித்து வரும் ஆஷ் மரத்தின் சிற்றிலைகளில், நடுநரம்பை ஒட்டித் தடித்த புடைப்புகள் தோன்றியுள்ளன. அடிப்பக்கம் பை போலப் பருத்தும், மேற்பக்கம் நீளவாக்கில் ஒரு கீற்றுப் பிளவோடும் காணப்படும் இவை, பச்சையாக இருந்து இப்போது பழுப்பேறி வருகின்றன. இது பூஞ்சை நோயா, பூச்சியின் வேலையா? பூச்சிக்கொல்லி தெளித்தால் நிற்குமா?

மறுமொழி 1:
ஒரு புடைப்பைக் கூரிய கத்தியால் நெடுக அறுத்துப் பாருங்கள். உள்ளே சிறு அறைகளும் அவற்றில் கால்களற்ற, ஆரஞ்சு நிறச் சிறு புழுக்களும் இருந்தால், அது தசிநியூரா ஃப்ராக்சினி என்னும் நுண்ணிய ஈயின் வேலை. நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அது விளைச்சலைக் கெடுப்பது போல இது ஆஷ் மரத்தைக் கெடுப்பதில்லை.

தாய் ஈ வசந்தத்தில் இளந்தளிரில் முட்டையிடுகிறது. புழுவின் தூண்டுதலால் இலையின் திசு பெருகி, அதற்கு உணவும் உறைவிடமுமாகிறது. இந்தத் தடித்த சுவருக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது என்பதோடு, புழுக்களைத் தின்று கட்டுப்படுத்தும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் அது கொன்றுவிடும். ஆகவே மருந்து வேண்டாம் என்பதே என் கருத்து. புடைப்புகள் பார்வைக்கு அழகில்லை என்பது உண்மை. அதற்கு மேல் குறையில்லை.

கேள்வி கேட்டவர்:
அறுத்துப் பார்த்தேன்; நீங்கள் சொன்ன நிறத்திலேயே புழுக்கள் இருந்தன. ஆனால் வேறு சில சிற்றிலைகள் நடுநரம்பை ஒட்டி மேல்நோக்கி மடிந்து, அவரைக்காய் போலத் தடித்திருக்கின்றன. இன்னும் சிலவற்றின் ஓரங்கள் சுருண்டு, நரம்புகள் செவ்வூதாவாக உள்ளன. இவையும் அதே ஈயால் வந்தவையா?

மறுமொழி 2:
இல்லை. காய் போல மடிந்தவை தசிநியூரா அக்ரோஃபிலா என்னும் நெருங்கிய உறவின ஈயால் வருபவை. ஒரே மடிப்பினுள் பல வெண்ணிறப் புழுக்கள் சேர்ந்து வாழும். கோடையின் தொடக்கத்தில் அவை மண்ணுக்குச் சென்றபின் அந்த இலைகள் கருகும். ஓரம் சுருண்டவை ஈயால் வந்தவையே அல்ல. சில்லாப்சிஸ் ஃப்ராக்சினி என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி காரணம். சுருளைப் பிரித்தால் வெண்மெழுகு இழைகளோடு தட்டையான குஞ்சுகள் தெரியும். இவற்றுக்கும் மருந்து தேவையில்லை.

கேள்வி கேட்டவர்:
சில கிளைநுனிகளும் காய்ந்து வருகின்றன. அதுவும் இவற்றின் விளைவா?

மறுமொழி 1:
இலைப்புடைப்பு கிளையைக் காயவைப்பதில்லை. அதனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஹைமெனோசைஃபஸ் ஃப்ராக்சினியஸ் என்னும் பூஞ்சையால் வரும் ஆஷ் நுனிக்கருகல் 1990களின் தொடக்கத்தில் போலந்தில் கவனிக்கப்பட்டு, பின்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கும் பரவியது. காய்ந்த கிளை பெரிய கிளையோடு சேரும் இடத்தில் பட்டை சாய்சதுர வடிவில் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரநோய் அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலைக்காம்புகளில் குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் வித்துகளைப் பரப்புவதால், இலையுதிர்காலத்தில் சருகுகளைக் கூட்டி அகற்றுவது பயன் தரும்.