குடோன் வேலைக்கு எடை குறைந்த தள்ளுவண்டி: ஆலோசனை தேவை

வணக்கம். பாரிமுனையில் உள்ள எங்கள் குடோனிலிருந்து கடைகளுக்கு 25 கிலோ அரிசி மூட்டைகளையும் ஊறுகாய் பாட்டில் பெட்டிகளையும் கொண்டு சேர்க்கும் தம்பிகளுக்காக, டாடா ஏஸில் ஒருவரே தூக்கி ஏற்றக்கூடிய இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைத் தேடுகிறோம். இப்போதுள்ள இரும்பு வண்டி உறுதியானதுதான். ஆனால் அதை ஏற்றி இறக்கியே மாலைக்குள் அவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதையே வாங்க நினைக்கிறேன். எனினும் நான்கு மூட்டைகளை அடுக்கிப் பின்னால் சாய்க்கும்போது, அடித்தட்டும் சட்டமும் சேரும் வெல்டிங்கில் விரிசல் விழுமோ என்று கவலையாக இருக்கிறது. காற்றடைத்த டயர் குண்டும் குழியுமான சந்துகளில் அதிர்வைத் தாங்கினாலும் பஞ்சராகும். கெட்டி ரப்பர் சக்கரமோ பாட்டில்களைக் குலுக்கிவிடும். மடக்கும் வகையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 150 கிலோ தாங்கும் அலுமினிய வண்டியை அன்றாடம் பயன்படுத்துவோர், எந்தச் சக்கரம் நீடித்து உழைக்கிறது, பேரிங் தனியாகக் கிடைக்கிறதா என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.