வீல் கட்டிய மெஷினில் ஓடுகிறது, கஸ்டமர் சர்வரில் ஓடவில்லை: உங்கள் அனுபவம்?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஸ்கேன் செய்த டிஃப் வடிவப் படங்களைப் படிக்க, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய பைதான் எக்ஸ்டென்ஷன் ஒன்று எங்களிடம் வந்தது. அடியில், அந்தப் படங்களைத் திறக்கும் லிப்டிஃப் லைப்ரரி. வேறொரு டீம் உபுண்டு 22.04 லினக்ஸில் வீல் (நிறுவத் தயாராக அடைத்த பைதான் பேக்கேஜ் கோப்பு) கட்டிக் கொடுத்திருந்தது. கஸ்டமர் சர்வரோ அல்மாலினக்ஸ் 8. பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவியில் இன்ஸ்டால் ஒழுங்காக முடிந்தது. இம்போர்ட் செய்ததும் லிப்டிஃப் இல்லை என்று நின்றுவிட்டது.

அங்கிருந்த அட்மின் லிப்டிஃப்பை நிறுவினார். உடனே அடுத்த எர்ரர்: ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை. பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, அல்மா 8-இல் 2.28. 2.34-இல், த்ரெட்களை (ஒரு புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகளை) கையாளும் பீத்ரெட் லைப்ரரியை, ஜிலிப்சியின் முக்கியக் கோப்பான லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் புதிய மெஷினில் கம்பைல் செய்த கோடில் ஒரு த்ரெட் தொடங்கினாலே போதும், '2.34 வேண்டும்' என்ற குறி பைனரியில் ஏறிவிடும். பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. சர்வரில் ஜிலிப்சியை மட்டும் ஏற்றலாமா என்று கேட்டார்கள். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள், அந்த மெஷினில் கிட்டத்தட்ட எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

அப்புறம், ஜிலிப்சி 2.28-உம் அதற்கு மேலும் உள்ள லினக்ஸ்களில் ஓடும் வீல் கட்டுவதற்கான மேனிலினக்ஸ் 2_28 கன்டெய்னரில் புதிதாகக் கட்டினோம். அதன் அடித்தளமே அல்மா 8. உள்ளே கம்பைல் செய்யத் தேவையான லிப்டிஃப் டெவல் பேக்கேஜை நிறுவி, வீல் கட்டி, தேவைப்படும் லைப்ரரிகளை வீலுக்குள் நகலெடுக்கும் ஆடிட்வீல் ரிப்பேர் ஓட்டினோம். வீல் என்பது ஜிப் கோப்புதான், ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பேக்கேஜ் பெயரோடு 'லிப்ஸ்' என்று முடியும் புது ஃபோல்டர் இருக்கும். அதில் லிப்டிஃப், அது கூடவே இழுத்து வரும் ஜேபெக் லைப்ரரி எல்லாம் இருக்கும், ஒவ்வொரு பெயரிலும் ஒரு ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எழுத்துத் தொடர்) வால். அந்த வால் முக்கியம். படங்களைக் கையாளும் பைதான் பேக்கேஜான பில்லோவும் தன் வீலுக்குள் சொந்த லிப்டிஃப் வைத்திருக்கிறது. ஒரே புராசஸில் இரண்டும் ஒரே பெயரில் வந்தால், முதலில் லோடானதே இருவருக்கும் கிடைக்கும்.

வீலின் கோப்புப் பெயரில் மட்டும் லினக்ஸ் என்பதை மேனிலினக்ஸ் என்று மாற்றி அனுப்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பிப் ஏற்றுக்கொள்ளும், உள்ளே இருக்கும் பைனரி மாறாது. இன்னொன்று, கட்டிய கன்டெய்னரிலேயே சோதிக்காதீர்கள். லிப்டிஃப் அங்கே ஏற்கெனவே இருக்கும், எந்தக் குறையும் வெளியே தெரியாது. வெறும் அல்மா 8 இமேஜில் பைதானை மட்டும் போட்டு இம்போர்ட் செய்து பாருங்கள்.

மறுமொழி, பெல்லந்தூரிலிருந்து:
அண்ணா, எங்களுக்கு ஆல்பைன் லினக்ஸில் வந்தது தலைவலி. அங்கே ஜிலிப்சியே கிடையாது, மசல் என்ற வேறு சி லைப்ரரிதான். மேனிலினக்ஸ் வீலை பிப் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சோர்ஸை இறக்கி கம்பைல் செய்யப் போனது, இமேஜில் ஜிசிசி கம்பைலர் இல்லை. மசலுக்கான மசல்லினக்ஸ் வீலும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் சரியானது. ஒரு சந்தேகம்: லைப்ரரியை உள்ளேயே வைத்துவிட்டால் செக்யூரிட்டி அப்டேட் எப்படி வரும்?

பதில்:
தானாக வராது தம்பி. சர்வரில் லிப்டிஃப்பை அப்டேட் செய்தாலும் வீலுக்குள் இருப்பது பழையதாகவே இருக்கும். 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைப் படிக்கும் லிப்வெப்பி லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அதையும் வீலுக்குள் வைத்திருந்த பில்லோ 10.0.1 என்று புது வெளியீடே விட வேண்டியிருந்தது. எந்த வீலில் எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் போயிருக்கிறது என்று ரிலீஸ் நோட்டில் எழுதிவிடுகிறோம். ஓட்டை பற்றிய செய்தி வந்தால் அதைப் பார்த்து அன்றைக்கே திரும்பக் கட்டுகிறோம்.