ஏரிக்கால்வாயை ஊராட்சித் திட்டத்தில் சேர்க்க வைப்பது எப்படி? (அணைக்கட்டு பக்கம்)

கழனிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஒடுகத்தூருக்கும் அணைக்கட்டு ஊருக்கும் நடுவில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். முக்கால் காணியில் முள்ளு கத்தரி, மீதியில் மல்லாட்டை (வேர்க்கடலை). மகளிர் குழுவில் கணக்கு எழுதுவது நான். அக்டோபர் 2 கிராம சபைக்காக ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பட்டியலைப் போன வாரம் எங்கள் குழுவிடம் காட்டினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மூன்று தெருவுக்கு சிமெண்ட் சாலை. மயானத்துக்குப் பாதை. புதிதாக ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு). கடைசியில் 'சுற்றுச்சூழல், காலநிலை' என்று தனியாக ஒரு தலைப்பு, அதற்கு எதிரே 500 மரக்கன்று. ஏரியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

2021 நவம்பரில் பாலாற்றில் அத்தனை வெள்ளம் போனதே, அந்த வாரம் எங்கள் மலையிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. கீழ்த்தெருவில் முழங்கால் அளவு. மூன்று வீட்டில் நெல் மூட்டை ஊறி முளைத்தேவிட்டது. அதே நாள் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தோம், ஏரி பாதி கூட நிறையவில்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாய் தெருவைக் கடக்கிற இடத்தில் முன்பு ஒரு கல் பாலம் இருந்தது, நாலடி அகலம், நாலடி உயரம். சின்ன வயசில் என் வீட்டுக்காரர் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறார். சாலை போட்டபோது அதை இடித்துவிட்டு ஒன்றரை அடி சிமெண்ட் குழாயைப் புதைத்துவிட்டார்கள். அதன் வாயிலும் வேலிக்காத்தான் வேர், பிளாஸ்டிக். ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி இல்லாமல் திரும்பி வீட்டுக்குள் வந்தது.

அப்புறம் 2024 கோடை. மாமியார் காலத்தில் 40 அடிக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த அதே கழனியில் நாங்கள் 900 அடி போர் போட்டோம். புழுதிதான் பறந்தது. அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது. மழையில் நனைந்ததும் கீழ்த்தெரு, வெயிலில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நின்றதும் கீழ்த்தெரு.

சாலை ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், மரக்கன்று ஒரு பக்கம் என்று பிரித்து எழுதினால் இதேதான் மறுபடி நடக்கும் என்று பயமாக இருக்கிறது. இந்த முறை போடப்போகிற மூன்று சாலையில் இரண்டு சாலை அந்தக் கால்வாயைக் கடக்கின்றன. கிராம சபையில் எதை, எப்படிக் கேட்டால் அந்தப் பாலமும் கால்வாயும் வேலைக்குள் வரும்? கையில் என்ன பேப்பர் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேல்தெரு:

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் ஊரிலும் இப்படித்தான் ஒருவர் கால்வாய், கால்வாய் என்று மனு போட்டு, கடைசியில் சாலை இரண்டு வருஷம் நின்றுபோனது. என் தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேற்றில் நடத்தித்தான் 108 வண்டி வரைக்கும் கூட்டிப்போனோம். ஏரி வேண்டும்தான், சாலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பழைய ஓவர்சியர்:

அம்மா, குடியாத்தம், வாலாஜா, வேலூர் என்று 31 வருஷம் ஓவர்சியராக இருந்தவன் நான். மேல்தெரு தம்பி சொல்வதும் நியாயம்தான். நீங்கள் சாலையை எதிர்த்துப் பேசினால் ஊரே உங்களுக்கு எதிராக நிற்கும். சாலையை நீங்களே கேளுங்கள், பாலத்தோடு கேளுங்கள்.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மேலே என்றால் நீர்வளத்துறை, நம் ஜனங்கள் சொல்கிற பி.டபிள்யூ.டி. ஏரி. அது தெரியாமல் போனால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார், உங்கள் காலம் அதிலேயே போய்விடும். அடுத்து, கால்வாய் போகிற சர்வே எண்களுக்குப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) 'அ' பதிவேட்டு நகலும் (எந்த நிலம் என்ன வகை என்ற வருவாய்த்துறைக் கணக்கு) எடுங்கள். 'வாய்க்கால் புறம்போக்கு' என்று அதில் இருந்தால், கால்வாயே இல்லை என்று யாரும் வாதாட முடியாது.

குழாய்க் கணக்கை நீங்களே சபையில் சொல்லலாம். ஒன்றரை அடிக் குழாயின் வாய் ஒன்றே முக்கால் சதுர அடி. பழைய பாலத்தின் நாலுக்கு நாலு கண் 16 சதுர அடி. ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் படிக்காதவருக்கும் புரியும். நானும் அப்படிக் குழாய் வைத்தவன்தான் அம்மா. எஸ்டிமேட்டைக் குறை என்பார்கள், பாலத்தை வெட்டிவிட்டால் குறையும். அது யாருடைய வீட்டுக்குள் தண்ணீராக வரும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன்.

மேலே இருக்கிற திட்டங்களும் இதைத்தான் சொல்கின்றன. ஐ.நா. 2015-ல் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை வைத்தது. ஊராட்சிகளுக்காக அதை 9 கருப்பொருளாக்கித் தந்திருக்கிறது மத்திய அரசு. தண்ணீர்த் தன்னிறைவு ஒன்று, தூய்மையும் பசுமையும் ஒன்று, உட்கட்டமைப்பு ஒன்று. படிவத்தில் கட்டம் தனித்தனியாக இருக்கலாம். அதற்காக வேலையைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று இல்லை. தீர்மானத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'கீழ்த்தெரு சிமெண்ட் சாலை, வரத்துக்கால்வாய் கடக்கும் இடத்தில் 4 அடிக்கு 4 அடி சிறுபாலத்துடன்.' ஒரே வேலை, ஒரே எஸ்டிமேட். பாலத்தைத் தனி வேலையாக எழுதினால் 'நிதி வந்தபின்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கால்வாய் தூர்வாருவதை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் (நம் ஜனங்கள் சொல்கிற நூறு நாள் வேலை) கேளுங்கள். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, தீர்மான நகல் ஒன்று அங்கேயும் போகட்டும்.

ஆம்பூர்க்காரன்:

ஐயா சொன்னது உங்கள் ஊருக்குச் சரி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். என் அப்பா தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் தொழிற்சாலை) வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தவர், அதனால் அந்தத் தொழிலை நான் திட்ட மாட்டேன். ஆனால் எங்கள் தாத்தாவின் தென்னந்தோப்பு உப்பில் பட்டுப்போனதும் அதே தொழிலால்தான்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான் வந்தது. இந்தத் தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதிகள் சொன்னதும் அதில்தான். நீடித்த வளர்ச்சி என்று நாடெங்கும் சட்டக் கல்லூரியில் பாடம் எடுக்கும்போது வேலூர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நல்லதுதான். தண்ணீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சுகிற உப்பை எங்கே கொட்டுவது என்பதற்கு மட்டும் இன்னும் வழியில்லை. தொழிற்சாலை வைக்கும்போதே அதன் கழிவுக்கு இடம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கழனிக்காரி அக்கா சாலை போடும் முன்பே கேட்கிறார்கள். எங்கள் ஊரில் தொழிற்சாலை வந்தபோது அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் விடாதீர்கள் அக்கா.

நாகநதி:

நான் கணியம்பாடி ஒன்றியம். நாகநதி ஆற்றை மீட்கிற வேலையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினோம், எல்லாம் நூறு நாள் வேலையில்தான். முதலில் மலை ஓடையில் கல்லடுக்கு. வேகமாக ஓடுகிற தண்ணீர் அங்கே நடக்க ஆரம்பிக்கும். அப்புறம்தான் ஆற்றில் உறை இறக்கி நீர் செறிவூட்டும் கிணறுகள். மேலே ஒன்றும் செய்யாமல் கீழே கிணறு மட்டும் வெட்டினால் வண்டல் வந்து ஒரே மழையில் மூடிக்கொள்ளும். உங்களுக்கு மலையே பக்கத்தில் இருக்கிறது. கால்வாயின் தலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு விஷயம், கல்லடுக்கு வேலையைச் சித்திரை, வைகாசியில் வைக்காதீர்கள். இந்த ஊர் வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்ததை நான் பார்த்தேன். தை, மாசியில் முடித்துவிடுங்கள். கழிவுநீர் கலக்கிற ஓடையில் செறிவூட்டும் கிணறு வேண்டவே வேண்டாம், அழுக்கை நாமே நிலத்தடிக்கு இறக்கிவிடுவோம்.

கழனிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

ஏரி ஒன்றியத்துடையதுதான், ஆயக்கட்டு 62 ஏக்கர். புலப்படம் எடுத்தோம். எங்கள் குழுவில் ஆறு பேர் டேப்போடு போய்க் கால்வாய் முழுக்க அளந்தோம். ஊரில் நீர்க்கட்டி வேலை (ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குப் பகிர்ந்து விடுவது) பார்த்த தாத்தா கூடவே வந்து, மண் மூடின இடத்தையெல்லாம் தடியால் குத்திக் காட்டினார். படத்தில் இருக்கிற அகலம் பாதி இடத்தில் தரையில் இல்லை.

கிராம சபையில் ஓவர்சியர் ஐயாவின் குழாய்க் கணக்கைச் சொன்னேன். 16 எங்கே, ஒன்றே முக்கால் எங்கே என்று கேட்டதும் கூட்டம் கொஞ்சம் அமைதியானது. முதலில் எதிர்த்தவர்களே 2021 ராத்திரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கீழ்த்தெரு சாலை சிறுபாலத்தோடு என்று தீர்மானத்தில் ஏறிவிட்டது. இன்னொரு சாலைக்குக் குழாய்தான் போட முடியும் என்றார்கள், மூன்றடிக் குழாயாகவாவது போடச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். தூர்வாருவது தை மாசம் என்று எழுதச் சொன்னேன், நாகநதி அக்காவுக்கு நன்றி. 500 கன்றை ஏரிக்கரைக்கும் கால்வாய்க் கரைக்கும் மாற்றிக்கொண்டோம், பனையும் புங்கனும். புது போரை எடுக்கச் சொல்லி நான் பேசவில்லை. கோடைக்குக் குடிக்க வேறு வழி இப்போதைக்கு இல்லை.

ஒன்றுதான் பாக்கி. கால்வாயின் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகை நிற்கிறது. அது என் சின்ன மாமனாருடையது. சபையில் அவர் வாயே திறக்கவில்லை, வீட்டுக்கு வந்தபின்பும் என்னோடு பேசவில்லை. மாடு கட்ட எங்கள் களத்து மேட்டில் இடம் தருகிறோம் என்று சொல்ல, நாளைக்குக் காலையில் வீட்டுக்காரரோடு அவர் வீட்டுக்குப் போகிறேன்.