பன்னீர் ரோஜாக் குச்சிக்குக் கற்றாழை தடவினால் வேர் விடுமா?

மாடிக்காரி:
போன ஆடியில் மதுரையில் என் வீட்டு மாடியில் பன்னீர் ரோஜாவைக் கவாத்து செய்தபோது பென்சில் கனத்தில் 12 குச்சிகளை எடுத்துவைத்தேன். சோற்றுக் கற்றாழை மடலைக் கீறி, குச்சியின் அடியை அதற்குள் செருகி, பத்து நிமிடம் விட்டு நட்டேன். 9 பிழைத்தன. அன்றிலிருந்து எதை நட்டாலும் கற்றாழைதான். மாதம் ஒரு முறை மடலை மிக்சியில் அடித்துத் தண்ணீரில் கலந்து எல்லாத் தொட்டிக்கும் ஊற்றுகிறேன். நேற்று ஒரு நர்சரியில் இதைச் சொன்னதும் அங்கிருந்த பையன் சிரித்துவிட்டு குச்சி வேர் விடுவதற்காகத் தடவும் வேர் பவுடர் ஒரு டப்பாவை நீட்டினான். வீட்டில் சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

செம்மண்:
அக்கா, ஒரே ஒரு கேள்வி. கற்றாழை தடவாமல் எத்தனை குச்சி நட்டீர்கள்?

மாடிக்காரி:
ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் தடவினேன். நல்லது என்று தெரிந்த பிறகு பாதிக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை செய்ய வேண்டும்?

செம்மண்:
அங்கேதான் சிக்கல். பன்னீர் ரோஜா ஆடிச் சாரலில் சும்மா செருகினாலே வரும். தடவாமல் நட்டிருந்தாலும் 9 வந்திருக்கலாம், 10 கூட வந்திருக்கலாம். ஒப்பிட எதுவும் இல்லாமல் பெயரைக் கற்றாழைக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

கணக்காகவே பார்ப்போம். கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி அந்த வழுவழுப்பைத் தருகிற சர்க்கரைச் சங்கிலிகள். வேர் பவுடரில் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம், வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற செடி ஹார்மோன் வகை. இளம் குச்சிகளுக்கான பவுடர் பெரும்பாலும் 0.1 சதவீதம், அதாவது ஒரு கிராம் பவுடரில் ஒரு மில்லிகிராம், பத்து லட்சம் நானோகிராம். செடிகளின் திசுவில் இயல்பாக இருக்கும் ஆக்சினோ கிராமுக்குச் சில நானோகிராம், மிஞ்சினால் சில நூறு. கற்றாழையும் ஒரு செடிதான். ‘இயற்கை வேர் ஹார்மோன்’ என்று வீடியோவில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இந்த வித்தியாசம்தான் நினைவுக்கு வரும்.

மாடிக்காரி:
தம்பி, என் அப்பத்தா குச்சியின் மேல் வெட்டில் சாணி உருண்டையை அப்பி நடுவார். அவருக்கு நானோகிராம் தெரியாது. ஆனால் அவர் வைத்த நந்தியாவட்டை இன்னும் நிற்கிறது.

செம்மண்:
சாணி உருண்டையை நான் மறுக்கவே இல்லை. வெட்டுவாய் காயாமல் மூடுகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது. நந்தியாவட்டை சாணி இல்லாமலும் வரும் என்பது வேறு கதை.

நாற்றங்கால் வாத்தியார்:
இருபது வருடமாகக் குச்சி நட்டுப் பிழைக்கிறவன், இரண்டு பேரையும் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

செம்மண் சொல்லும் ஹார்மோன் கணக்கு சரி. ஆனால் குச்சி பெரும்பாலும் சாவது ஹார்மோன் இல்லாமல் அல்ல, காய்ந்து. வெட்டிய நிமிடத்திலிருந்து வேர் வரும் மூன்று நான்கு வாரம் வரை அதற்குக் குடிக்க வாய் கிடையாது. கற்றாழைக் கூழ் அடியில் ஒரு படலமாக ஒட்டி ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கலாம். அந்த அளவுக்கு நான் ஒத்துக்கொள்வேன். அப்புறம் பவுடரை மட்டும் புனிதமாகப் பேச வேண்டாம். வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் அது வீரியம் இழக்கும். திறந்த டப்பாவைக் கூரை ஷீட்டுக்கு அடியில் இரண்டு கோடை வைத்திருந்து விற்றால் அதற்கும் முகப்பவுடருக்கும் வித்தியாசம் இருக்காது. சில டப்பாவில் எத்தனை சதவீதம் என்றுகூடப் போட்டிருக்காது.

அம்மா, மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை என்ன செய்தீர்கள்? நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்கிறார்களே, அது அந்தப் பால் காய்ந்ததுதான். கடும் கசப்பு, பேதிக்குக் கொடுப்பது. குச்சிக்கு அது எந்த நன்மையும் செய்து நான் பார்த்ததில்லை. மடலை நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் வடியவிட்டு, கழுவிய பிறகு சோற்றை எடுங்கள்.

மாடிக்காரி:
வடியவிடவில்லை ஐயா, அப்படியே செருகிவிட்டேன். இனிமேல் செய்கிறேன்.

பச்சைமிளகாய்:
குச்சியை விடுங்கள், மிக்சியில் அடித்து ஊற்றுவதைப் பற்றி யாருமே பேசவில்லையே! வீடியோ பார்த்துவிட்டு நானும் கற்றாழையோடு வெல்லம் கலந்து ஒரு வாரம் புளிக்கவைத்து, தக்காளித் தொட்டிகளுக்கு ஊற்றினேன். முதலில் எறும்பு. அப்புறம் மண்மேல் வெள்ளைப் பூசணம். பிறகு குட்டிக் குட்டிக் கருப்புக் கொசு மாதிரி ஒன்று தொட்டியைத் தட்டினால் குபீரென்று கிளம்பும். தக்காளி ஒரு காய் கூடுதலாகக் காய்க்கவில்லை. கீழ் வீட்டு மாமி நாற்றம் தாங்காமல் மேலே ஏறி வந்ததுதான் மிச்சம்.

மாடிக்காரி:
வெல்லத்தைப் போட்டால் எறும்பு வராமல் யானையா வரும்? நான் வெல்லம் போடுவதில்லை. லிட்டருக்கு ஒரு கரண்டி, அடித்த அன்றே ஊற்றிவிடுவேன். அதில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, நோய் எதிர்ப்புச் சக்தி தரும் என்று படித்தேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்மண்:
செடிக்கு நோய் தாக்கும்போது சாலிசிலிக் அமிலம் அதன் உடம்புக்குள்ளேயே சுரந்து எதிர்ப்பைத் தூண்டும், அது உண்மை. ஆனால் லிட்டருக்கு ஒரு கரண்டி கூழில் அது எவ்வளவு இருக்கும்? அதையும் மண்ணில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் முதலில் தின்றுவிடும். உரம் என்று பார்த்தாலும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றுமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதற்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் மேல். நீங்கள் ஊற்றுவது கெடுதல் இல்லை, ஆனால் அது வெறும் தண்ணீர் ஊற்றுவதுதான்.

தென்னைமரத்தடி:
எல்லாரும் இளநீரை மறந்துவிட்டீர்கள். அதில் வளர்ச்சி ஹார்மோன் இருப்பது ஆய்வுக்கூடத்திலேயே தெரிந்த விஷயம். 1941-இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஊமத்தையின் பிஞ்சுக் கருவை இளநீர் சேர்த்து வளர்த்தார்கள். திசு வளர்ப்பில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கற்றாழைக்குப் பதில் குச்சியை இளநீரில் ஊறவையுங்கள்.

நாற்றங்கால் வாத்தியார்:
தகவல் சரி, முடிவு தப்பு. இளநீரில் பேர்போனது சைட்டோகைனின். அது துளிரைத் தூண்டும். வேருக்கு ஆக்சின் பக்கம் தராசு சாய வேண்டும். சைட்டோகைனின் மிகுந்தால் வேர் பின்வாங்கும். ரோஜாக் குச்சியில் பத்தாம் நாளே பச்சைத் துளிர் எட்டிப்பார்த்ததும் எல்லாரும் போட்டோ போடுகிறீர்களே, அதில் பாதி பொய்த் துளிர். குச்சிக்குள் சேமித்துவைத்ததைத் தின்று வந்தது. கீழே வேர் இருக்காது. ஒரு மாதத்தில் கருகும். அம்மா, உங்கள் 9-ஐ எப்போது எண்ணினீர்கள்?

மாடிக்காரி:
...மூன்றாம் வாரம்.

செம்மண்:
இப்போது எத்தனை இருக்கின்றன, அக்கா?

மாடிக்காரி:
ஆறு. இரண்டு கருகியது, ஒன்றை அணில் சாய்த்துவிட்டது. அணிலுக்குக் கற்றாழை பொறுப்பில்லை!

பச்சைமிளகாய்:
என் பங்குக்கு ஒன்று. தை மாதம் செம்பருத்தியில் 10 குச்சி கூழ் தடவி, 10 தடவாமல் நட்டேன். ஐந்து வாரம் கழித்துப் பிடுங்கி வேரையே பார்த்தேன். தடவியதில் 7, தடவாததில் 6. இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம், இதை வைத்து யாரை ஆதரிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

மாடிக்காரி:
ஏழு, ஆறைவிடப் பெரிசு.

செம்மண்:
ஒரு குச்சி வித்தியாசம் தாயம் உருட்டினாலும் வரும்.

நாற்றங்கால் வாத்தியார்:
சரி, சண்டையை மாடியிலேயே முடித்துக்கொள்வோம். ஒரே தாய்ச்செடி, 60 குச்சி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், கணுவுக்குக் கீழே வெட்டு. 20-க்குக் கற்றாழை, 20-க்குப் புதிதாக வாங்கிய பவுடர், 20-க்கு வெறும் தண்ணீர். எல்லாம் ஒரே தென்னை நார்க்கழிவு, ஒரே நிழல். எது எது என்று நடுகிறவர் எழுதி மறைத்துவைக்க வேண்டும், எண்ணுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். எட்டாம் வாரம் பிடுங்கி வேரை எண்ணுங்கள். துளிரை எண்ணக் கூடாது.

செம்மண்:
நான் தயார். எங்கள் வீடும் மதுரைதான், எண்ண நான் வருகிறேன். பவுடர் என் செலவு.

மாடிக்காரி:
வாருங்கள் தம்பி, ஆடி பிறந்ததும் வைத்துக்கொள்வோம். ஆனால் 60 குச்சிக்கு என் ஒரு செடியை வெட்டினால் அது மொட்டையாகிவிடும். இரண்டு தாய்ச்செடி என்றால் கணக்குக் கெடுமா?

நாற்றங்கால் வாத்தியார்:
கெடாது. ஒவ்வொரு செடியிலிருந்தும் மூன்று கூட்டத்துக்கும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அணிலுக்கு வலை போட்டுவிடுங்கள்.