எம்ஜிபி காரின் இன்டிகேட்டர் விட்டுவிட்டு எரியாமல் நிலையாக எரிகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் இங்கிலாந்தில் ஓட்டிவரும் எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார், ஆபிங்டன் தொழிற்சாலையில் 1978ஆம் ஆண்டு தயாரானது. சில வாரங்களாக, எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல்) ஓடும்போது இன்டிகேட்டரைப் போட்டால், விளக்கு எரிந்தபடியே நின்றுவிடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தினால் மெதுவாக விட்டுவிட்டு எரியத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் இப்படித்தான், ஆனால் இடப்பக்கம் இன்னும் மோசம். விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரை இரண்டு முறை புதிதாக மாற்றியும் பயனில்லை. ஆபத்து எச்சரிக்கைக்கான ஹசார்டு சுவிட்சைப் போட்டால் நான்கு விளக்குகளும் ஒழுங்காக விட்டுவிட்டு எரிகின்றன. 40 ஆண்டுகள் கடந்த கார் என்பதால் சாலையில் ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையிலிருந்து விலக்கு உண்டு. வேறு யாரும் சோதிக்கப் போவதில்லை என்பதால் இதை அரைகுறையாக விட எனக்கு மனமில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதல் பதில்:
மூன்றாவது பிளாஷரை வாங்கிவிடாதீர்கள். விடையில் பாதியை உங்கள் ஹசார்டு விளக்குகளே சொல்லிவிட்டன. ஹசார்டுக்குத் தனி பிளாஷர் உண்டு. அதற்கான மின்சாரம் இக்னிஷனைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது, ஸ்டியரிங் அருகிலுள்ள இன்டிகேட்டர் சுவிட்சின் வழியாகவும் அது செல்வதில்லை. இரண்டுக்கும் பொதுவானவை பல்புகளும் அவற்றுக்குச் செல்லும் வயர்களும் எர்த்தும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) மட்டுமே. ஆகவே அவை நன்றாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, பியூஸிலிருந்து பிளாஷர் வரையுள்ள பகுதியைத் தேடுங்கள்.

இரண்டாவது பதில்:
மேலே சொன்ன அண்ணனின் வழி சரி, ஆனால் ஒரு திருத்தம் தேவை. ஹசார்டு பிளாஷர், எத்தனை பல்பு எரிந்தாலும் அதே வேகத்தில் இயங்கும்படி செய்யப்பட்டது. எனவே ஒரு பல்பு மங்கலாக எரிந்தாலும் ஹசார்டு வேலை செய்யும். இன்டிகேட்டருக்கான பழைய வெப்ப வகை பிளாஷர் அப்படியல்ல. அதனுள் இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை, பல்புகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தால் சூடாகி விரிந்தால்தான் தொடர்பு துண்டிக்கப்படும், ஆறிய பிறகுதான் மீண்டும் சேரும். ஒரு பக்கத்தில் 21 வாட் பல்புகள் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஓட வேண்டும். வழியில் எங்கேனும் அரை ஓம் தடை சேர்ந்தாலே பட்டை போதிய அளவு சூடாகாது, விளக்கு எரிந்தபடியே நிற்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆல்டர்னேட்டர் தரும் வோல்ட்டேஜ் கூடுவதால்தான் அது உயிர் பெறுகிறது.

என் முதல் சந்தேகம் ஹசார்டு சுவிட்சின் மீதுதான். இந்தக் காரில் ஹசார்டு அணைந்திருக்கும் நிலையில், இன்டிகேட்டருக்கான மின்சாரம் அந்தச் சுவிட்சின் வேறொரு தொடர்பு வழியாகத்தான் பிளாஷருக்குப் போகிறது. யாரும் அந்தச் சுவிட்சை மாதக்கணக்கில் தொடுவதில்லை, அதனால் உள்ளே களிம்பு ஏறிவிடுகிறது. அதை முப்பது முறை போட்டு அணைத்துப் பாருங்கள். பிறகு மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, எஞ்சினை நிறுத்தி, இக்னிஷனையும் இன்டிகேட்டரையும் போட்டு, இன்டிகேட்டருக்கு மின்சாரம் தரும் பச்சை வயரின் பியூஸுக்கு முன், பின், ஹசார்டு சுவிட்சுக்குப் பின் என வரிசையாக அளந்து எழுதுங்கள். விளக்கு எரிந்தபடியே நிற்பது இந்த அளவீட்டுக்கு வசதிதான். பல்பு எரியாத நிலையில் அளந்தால் எல்லா இடத்திலும் 12 வோல்ட் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

கேட்டவர்:
அளந்துவிட்டேன். பேட்டரியில் 12.4, பியூஸுக்கு முன் 12.3, பின் 12.1, ஹசார்டு சுவிட்சுக்குப் பின் 10.2. சுவிட்சைக் கழற்றி, தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்துப் பலமுறை இயக்கியபின் 11.8 வருகிறது. வலப்பக்கம் ஐடிலிலேயே சரியாக இயங்குகிறது. இடப்பக்கம் மட்டும் இன்னும் மெதுவாக, நிமிடத்துக்கு நாற்பது முறைதான் எரிகிறது.

இரண்டாவது பதில்:
நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை இருக்க வேண்டும், எனவே இன்னும் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. இடது இன்டிகேட்டர் எரியும்போது பிரேக்கை மிதித்து, பின்விளக்கை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதித்ததும் இன்டிகேட்டர் மங்கினால், இரண்டு பல்புகளும் ஒரே நலிந்த எர்த்தைப் பகிர்கின்றன என்று பொருள். உறுதி செய்ய, அந்த விளக்கின் உலோகப் பகுதிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள், ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும்.

கேட்டவர்:
மங்கியது. அளந்தபோது 0.9 வோல்ட் வந்தது. விளக்கைக் கழற்றினேன், காரின் பின்பக்கச் சாமான் அறையின் ஈரத்தில் பல்பு ஹோல்டரும் பொருத்தும் நட்டுகளும் துருப்பிடித்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவிப் பூட்டியபின் 0.1 ஆகக் குறைந்துவிட்டது. முதலில் கழற்றி வைத்த பழைய பிளாஷரையே மீண்டும் மாட்டினேன், இரு பக்கமும் நிமிடத்துக்கு எண்பது முறை எரிகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் பதில்:
என் அவசர முடிவைத் திருத்தியதற்கு நானும் நன்றி சொல்கிறேன். பியூஸ் பெட்டியைத் திறந்திருக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். அதில் குறித்திருக்கும் 35 ஆம்பியர் என்பது பிரித்தானிய முறைப்படி பியூஸ் உருகும் அளவு, அது தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் வேறு வகைப் பியூஸை அங்கே மாட்டினால், பியூஸ் உருகுவதற்குள் வயர்தான் எரியும்.