பித்தளைச் செப்புக்குள் 200 வருஷம் வைசூரி உயிரோடு இருக்குமா?

செங்கோட்டை வாசகி

இந்த மாசம் நாம வாசிக்க எடுத்த நாவலைப் பத்திப் பேசலாம். படிக்காதவங்களுக்குக் கதை சுருக்கமா: குழித்துறைப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறாங்க. பத்தாயத்துக்கு அடியில ஓலைக்கட்டும் பித்தளைச் செப்பும் கிடைக்குது. செப்புக்குள்ள அம்மைப் பொருக்கு. அந்த வாரமே நாலு பேருக்குப் பெரியம்மை, அதாவது வைசூரி. தக்கலை டாக்டரம்மா ஒருத்தி ஓலையைப் படிக்கப் படிக்க, திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாயி காலத்துல திருநெல்வேலியில இருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அம்மைப்பால் (பசு அம்மைக் கொப்புளத்து நீர், அந்தக் காலத் தடுப்பூசி மருந்து) கொண்டுவந்த ஒரு குத்துக்காரரோட, அதாவது தடுப்பூசி போடுறவரோட கதை விரியுது. ரெண்டு காலத்தையும் இவ்வளவு இறுக்கமா முடிச்சுப் போட்ட நாவலை நான் சமீபத்துல படிக்கல. உங்க கருத்தைச் சொல்லுங்க.

தக்கலை லேப்

பழைய காலப் பகுதி நல்லா வந்திருக்கு, மறுக்கல. நிகழ்காலப் பகுதி எனக்குச் செரிக்கல அக்கா.

திங்கக்கிழமை செப்பைத் திறக்கிறாங்க, வெள்ளிக்கிழமை உடம்பெல்லாம் கொப்புளம். பெரியம்மை அப்படி வராது. கிருமி உள்ளே போனதுல இருந்து காய்ச்சல் தொடங்க 7 முதல் 19 நாள், பெரும்பாலும் 12 நாள் ஆகும். அப்புறம் 2 முதல் 4 நாள் கடுங்காய்ச்சல், முதுகுவலி. அதுக்கப்புறம் வாய்க்குள்ள புண், முகத்துல தடிப்பு, பிறகு கை, கால். அந்த 12 நாளும் ஆள் நல்லா நடமாடுவார், யாருக்கும் ஒட்டவும் செய்யாது. தொற்று பட்ட மூணு நாலு நாளுக்குள்ள தடுப்பூசி போட்டா நோயையே தடுக்கலாம், இல்லைன்னா கடுமையாவது குறையும். செப்பைத் திறந்தது யார் யார், எப்போ, இன்னும் எத்தனை நாள் பாக்கின்னு டாக்டரம்மா கணக்குப் போட்டிருந்தா, அதைவிடப் பெரிய பதற்றம் எங்கே கிடைக்கும்? அதை ஆசிரியர் கோட்டை விட்டுட்டார்.

உச்சக்கட்டத்துல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தைப் பார்த்துட்டு "இது வைசூரிதான்"னு அடிச்சுச் சொல்றாங்க. வைசூரிக்கு நெருங்கின இனக் கிருமிகள் எல்லாமே செங்கல் வடிவம். வைசூரி, குரங்கம்மை, தடுப்பூசிக் கிருமி மூணையும் படத்துல பிரிக்க முடியாது. கொப்புள நீரையும் பொருக்கையும் எடுத்துப் பி.சி.ஆர். பண்ணணும். மாதிரி புனே தேசிய நச்சுயிரியல் நிலையத்துக்குப் போகும்.

பத்மநாபபுரம் ஓலை

லேப் அண்ணா சொல்ற நாள்கணக்கு சரி. ஆனா இந்த நாவலோட உயிர் அங்க இல்ல. அம்மைப்பால் கொண்டுவர்ற 40 பக்கத்தைப் பாருங்க. பால் வெச்ச எட்டாம் நாள் குழந்தை கையில கொப்புளம் தெளிஞ்சு முத்து மாதிரி நிக்குது. சுத்திச் சிவப்பு வட்டம் படர்றதுக்கு முன்னாடி ஓரத்துல லேசாக் கீறி, கசியுற பாலை மட்டும் கத்தி நுனியில எடுத்து அடுத்த குழந்தைக்கு வைக்கிறார். அழுத்திப் பிழிஞ்சா ரத்தம் கலந்துடும்னு உதவியாளரைத் திட்டுறார். ரெண்டு நாள் தாமதிச்சா பால் கலங்கிச் சீழாயிடும், அது பிடிக்காது. நம்ம ஊர் வெயில்ல, கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல காய வெச்ச பால் வழியிலேயே வீரியம் இழந்துடும். அதனாலதான் கைக்குக் கை மாத்த வேண்டியிருந்தது. இந்தியாவுக்கே பாக்தாத், பாஸ்ரா வழியா அப்படித்தான் வந்து, 1802 ஜூன் 14 அன்னிக்கு பம்பாயில ஒரு மூணு வயசுக் குழந்தைக்கு முதல்ல பிடிச்சது. இதையெல்லாம் பாடம் நடத்தாமக் கதையாவே எழுதிட்டார்.

பாறசாலைப் பயணி

அந்த 40 பக்கத்துலயும் எனக்கு ஒரு சந்தேகம். திருநெல்வேலியில இருந்து பத்மநாபபுரம் ஏறக்குறைய 90, 100 கிலோமீட்டர். மாட்டுவண்டியில நாலஞ்சு நாள். பால் வெச்ச நாலாம் நாள் கிளம்பினா எட்டாம் நாள் வந்து சேர்ந்துடலாம், ஒரே குழந்தை போதும். எதுக்குக் குத்துக்காரர் அஞ்சு குழந்தையைக் கூட்டிட்டு வர்றார்?

பத்மநாபபுரம் ஓலை

ஒரு குழந்தையை நம்பினா காரியம் கெட்டுப்போகும். தூக்கத்துல சொறிஞ்சுடும், சில கையில பிடிக்கவே பிடிக்காது, முன்னமே அம்மை வந்து போன குழந்தையா இருந்தா வீண். 1803ல அம்மைப்பாலைக் கொண்டுபோக ஸ்பெயின்ல இருந்து கப்பல்ல அனாதைக் குழந்தைகளைக் கூட்டிப்போன பால்மிஸ் குழுவும் ஒவ்வொரு தடவையும் ரெண்டு குழந்தைக்கு வெச்சாங்க. அது மட்டுமில்ல, வந்து சேர்ந்த அன்னிக்கே ஊர்ல யாரும் கை நீட்ட மாட்டாங்க. ரெண்டு நாள் தள்ளி ஒண்ணு, நாலு நாள் தள்ளி ஒண்ணுன்னு கொப்புளம் வரிசையா விளைஞ்சாத்தான் பேச்சுவார்த்தை முடியுற வரைக்கும் பால் கைவசம் இருக்கும். அஞ்சு குறைவுன்னுகூடச் சொல்வேன்.

தக்கலை லேப்

இதை ஏத்துக்கிறேன். ஆனா இதுலயே நாவலோட அடித்தளம் ஆட்டம் காணுது. குத்துக்காரர் எடுத்து வெச்சது தடுப்பூசிக் குழந்தையோட பொருக்கு. அதாவது பசு அம்மை. அதுல இருந்து எப்படி நாலு பேருக்குப் பெரியம்மை வரும்?

செங்கோட்டை வாசகி

அண்ணா, 212ஆம் பக்கத்தைத் திரும்பப் பாருங்க. அந்தச் செப்பு அவரோடது இல்ல, அவர் விரட்டின பழைய அம்மை வைத்தியரோடது. அந்த ஆள் நிஜ வைசூரியையே குத்தினவர். வங்காளத்துல முந்தின வருஷத்துக் கொப்புளச் சீழை எடுத்து வெச்சுக் குத்தினதை 1767லயே ஹோல்வெல்ங்கிற ஆங்கிலேய வைத்தியர் எழுதியிருக்கார். அப்போ பொருள் வைசூரிதானே?

தக்கலை லேப்

பொருள் வைசூரியாவே இருக்கட்டும். முந்தின வருஷத்துதுன்னு நீங்களே சொல்றீங்க, 200 வருஷத்துது இல்லையே. நெதர்லாந்துல ஆய்வகத்துல உறையில போட்டு வெச்ச பொருக்குல 13 வருஷம் கிருமி இருந்தது, அது குளிர் நாடு. வங்கதேசத்துல 1970கள்ல சோதிச்சப்போ 35 டிகிரி சூட்டுல மூணு வாரத்துல செத்துடுச்சு. குழித்துறையில ரெண்டு மழைக்காலம், பத்தாயத்துக்கு அடி, நெல்லோட ஈரம்! 2003ல அமெரிக்காவுல சான்டா ஃபே நூலகத்துல பழைய மருத்துவப் புத்தகத்துக்குள்ள உறையோட பொருக்கு கிடைச்சப்பகூட உயிருள்ள கிருமி இல்ல. உயிரோட கிடைச்சதுன்னா 2014ல அதே அமெரிக்காவுல, பெதஸ்டா ஊர் ஆய்வகத்துக் குளிர் அறையில மறந்துபோன குப்பிகள்தான். அது 1950கள்ல உறைய வெச்சு உலர்த்தின சரக்கு. செப்புக்குப் பதிலா அப்படி ஒரு குப்பியைக் கதைக்குள்ள கொண்டுவந்திருக்கலாம்.

பத்மநாபபுரம் ஓலை

குப்பி வந்தா ஓலைக்கு வேலையே இல்ல அண்ணா. ராணி காலத்துக் கதையைத் தூக்கி எறிஞ்சுட்டு எழுதுற நாவல் வேற நாவல். நான் ஆசிரியரா இருந்தா செப்புல இருக்கறதைச் செத்த பொருக்காவே விட்டிருப்பேன். 2022 ஜூலையில நாட்டுலேயே முதல் குரங்கம்மை கொல்லத்துல, வளைகுடாவுல இருந்து வந்த ஒருத்தருக்குத்தான் உறுதியாச்சு. அதே மாதிரி ஒரு குரங்கம்மை இந்த ஊருக்கும் வருது, ஜனங்க செப்பைக் கை காட்டுறாங்க, டாக்டரம்மாவும் ஓலையைப் படிச்சுட்டு நம்பிடறா. புனே முடிவு வர்ற வரைக்கும் ஊரே கொதிக்கும். குத்துக்காரரை ஊர் விரட்டின அதே பயம் இங்கயும் வரும்.

தக்கலை லேப்

அப்படின்னா நாள்கணக்குல ஒரு குறையும் சொல்ல மாட்டேன் சார். நாலு பேருக்கும் ஒரே ஆளைத் தொட்டு வந்ததா இருக்கட்டும், நெறி கட்டினதையும் எழுதணும். கழுத்துலயும் இடுப்புலயும் நெறி கட்டுறதை வெச்சுத்தான் டாக்டருங்க குரங்கம்மையைச் சந்தேகப்படுவாங்க, பெரியம்மையில அது அவ்வளவா இருக்காது. டாக்டரம்மா அதைக் கவனிக்காம விடுறதுதான் அவளோட சறுக்கல்னு வெச்சா நாவல் நிக்கும்.

பாறசாலைப் பயணி

ஓலைத் தேதியையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்க. கொல்லம் ஆண்டு 987, மகர மாசம் (தை)னு போட்டுட்டு அடுத்த வரியில 1811ன்னு எழுதியிருக்கார். கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டா மாத்த, சிங்கத்துல (ஆவணி) இருந்து தனு (மார்கழி) பாதி வரைக்கும் 824 கூட்டணும், ஜனவரி பிறந்துட்டா 825. மகரம்னா 1812 ஜனவரி, பிப்ரவரி.